லேசர் என்றால் எந்த லேசர்?

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் நானும் அம்மாவும் களுவாஞ்சிகுடியில் ஏறியதும், முன்பு என்னிடம் ரியூஷன் படித்த பொடியன் ஒருவன் எழும்பி இடம் தந்தான். பொடியன் என்கிறேன், மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. "ரீச்சர், உங்களுக்கும் கண்ணுக்கு லேசர் வைக்கிறாங்களாமே? எங்கட உம்மாக்கும் போன மாசம் லேசராலதான் வெள்ளை எடுத்த. ஒரே தரத்தில முடிஞ்சிது. உங்கள மட்டும் ஏன் நாலு தரம் கூப்பிடுறாங்க?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அம்மா சும்மா இருப்பாரா? "எனக்கும் லேசர்தான் தம்பி. அஞ்சு நிமிசம் கூட இல்ல" என்றார்.

வெள்ளை என்றால் கண்ணில் விழும் புரை. மூன்று பேர், மூன்று லேசர். அதில் ஒன்று லேசரே இல்லை. கல்லடிப் பாலம் வரும் வரை அவனுக்கு விளக்கினேன். பஸ் இரைச்சலில் பாதி கேட்டிருக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சீனி வருத்தம் இருக்கிறது. கண் கிளினிக் வாங்குகளில் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு தவணைப் பாடம் நடத்தி முடித்திருக்கலாம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ "லேசர் செய்யவேணும்" என்று சொன்னால், அந்தக் கதிரையை விட்டு எழும்புவதற்கு முன் நான்கு விஷயத்தைக் கேளுங்கள். எந்தக் கண்? கண்ணின் எந்தப் பகுதி? என்ன லேசர்? அது பார்வையைக் கூட்டவா, இருக்கிற பார்வையைக் காப்பாற்றவா? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். அதைக் கேட்காமல் வந்தவர்கள்தான் பிறகு "லேசர் வைச்சும் ஒரு பிரயோசனமும் இல்லை" என்று வாங்கில் இருந்து புறுபுறுப்பார்கள். நானும் புறுபுறுத்திருக்கிறேன்.

வெளிச்சம் எங்கே தங்குகிறது

பங்குனி மாத மத்தியானத்தில் நம்முடைய கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெயில் காற்றுக்குள்ளால்தான் வருகிறது, ஆனால் உள்ளங்காலைச் சுடுவது மணல். வெளிச்சம் எங்கே உறிஞ்சப்படுகிறதோ அங்கேதான் அது வேலை செய்யும். கண் லேசர்கள் வெவ்வேறாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பச்சை லேசரின் அலைநீளம் 532 நனோமீற்றர். கண்ணின் முன்வாசலில் கைக்கடிகாரக் கண்ணாடி போல இருக்கும் கோர்னியாவையும், உள்ளே இருக்கும் வில்லையையும் (லென்ஸ்) அது தொந்தரவு செய்யாமல் கடந்துபோகும். பின்சுவரில் விழித்திரைக்கு அடியில் இருக்கும் கருநிறப் படையும் இரத்தமும் அதை உறிஞ்சிச் சூடாகும். ஆக, அது சுடும் லேசர்.

யாக் லேசர் 1064 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒரு செக்கனில் நூறுகோடியில் சில பங்கு நேரத்துக்குள் அதன் சக்தி முழுவதையும் ஊசிமுனையளவு இடத்தில் குவித்துவிடுவார்கள். அந்த இடத்தில் சின்னஞ்சிறிய வெடிப்பு ஒன்று நடந்து, அங்கே இருக்கும் சவ்வு கிழியும். இதை வெடிக்கும் லேசர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸைமர் லேசர் 193 நனோமீற்றர், புறஊதா. அது கோர்னியாவின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. சுடாமல், மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துப் படை படையாகச் சீவும். ஃபெம்டோசெக்கன் லேசர் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் துடிப்பு யாக்கை விடப் பல மடங்கு சிறியது, ஆகவே வெடிப்பும் சிறியது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஆயிரக்கணக்கில் வைத்துக் கத்தி போல வெட்டலாம்.

சுடுவது, வெடிப்பது, சீவுவது, வெட்டுவது. வகுப்பில் என்றால் இதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருப்பேன்.

உம்மாவுக்கு நடந்தது லேசர் இல்லை

அந்தப் பொடியனின் உம்மாவுக்கு வெள்ளை எடுத்தது பெரும்பாலும் ஃபேகோ முறையாகத்தான் இருக்கும். அது லேசர் அல்ல, ஒலி. மனிதக் காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும் ஊசி ஒன்றை 2, 3 மில்லிமீற்றர் வெட்டுக்குள்ளால் விட்டு, கலங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைப்பார்கள். சார்ள்ஸ் கெல்மன் என்ற அமெரிக்க டொக்டர் 1967 இல் தொடங்கிவைத்த வேலை. தையல் இல்லை, கட்டுக் குறைவு, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பதால் சனம் அதற்கு லேசர் என்று பெயர் வைத்துவிட்டது. பெயரைத் திருத்தாமல் அதிலே காசு பார்க்கிற இடங்களும் உண்டு. ஒரு தனியார் இடத்தில் எங்களிடமே "கத்தி இல்லாத லேசர்" என்று சொன்னார்கள். கேட்டுக் கேட்டுப் போனால் அது ஃபேகோதான். இடத்தின் பெயர் வேண்டாம்.

உண்மையாகவே லேசர் சேர்ந்த வெள்ளை ஒப்பரேஷனும் இருக்கிறது. வில்லையின் உறையில் வட்டமாக வெட்டுவதற்கும் வில்லையைத் துண்டாக்குவதற்கும் ஃபெம்டோசெக்கன் லேசரைப் பாவிப்பார்கள். 2008 இல் ஹங்கேரியில் முதன்முதலாகச் செய்தார்கள். செலவு கூட. பெரிய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாதாரண ஃபேகோவை விடப் பார்வை சிறப்பாக வந்ததாகத் தெரியவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக ஃபேகோவுக்குத் திகதி கிடைத்திருக்கும்போது, லேசர் என்ற சொல்லுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

அம்மாவின் ஐந்து நிமிடம்

அம்மாவுக்கு வெள்ளை எடுத்து நான்கு வருடத்துக்குப் பிறகு, "மறுகாலும் வெள்ளை விழுந்திட்டு புள்ள" என்றார். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரியாம். அரிசியில் கல் பொறுக்க ஏலாதாம்.

எடுத்த வெள்ளை திரும்பி வராது. கலங்குவது வேறு ஒன்று. செயற்கை வில்லையை நம்முடைய பழைய வில்லையின் மெல்லிய உறைக்குள்தான் வைப்பார்கள். அந்த உறையில் மிஞ்சிய உயிரணுக்கள் மெல்ல மெல்ல வளர்ந்து பின்பக்கத்தை மூடும், குளிர்கால பஸ் கண்ணாடியில் ஆவி படிவது போல. துடைக்க முடியாது. நடுவில் ஒரு ஜன்னல் வெட்டலாம். அதுதான் யாக் லேசரின் வேலை.

செய்யும் முறை மிகச் சுருக்கம். கண்மணி விரிய மருந்து விடுவார்கள், அரை மணித்தியாலம் போகும். மரக்க ஒரு சொட்டு. வழக்கமாகக் கண் பார்க்கும் மெஷின் போன்ற ஒன்றில் நாடியை வைத்து, நெற்றியை ஒட்டி இருக்கவேண்டும். சில வேளை கண்ணில் சிறிய கண்ணாடி ஒன்றை வைப்பார்கள். சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டும். லேசர் தெரியாது, "டிக், டிக்" என்று சத்தம் மட்டும் கேட்கும். எழும்பச் சொன்னபோது அம்மா எழும்பவில்லை. "இன்னும் தொடங்கல்லயே" என்றார். முடிந்திருந்தது.

கூட்டிப் போகிறவருக்குத்தான் வேலை கூட. வயதானவர்களின் முதுகு வளைந்திருக்கும், நாடி மெஷினுக்கு எட்டாது. கதிரையை ஏற்றி இறக்கித் தரச் சொல்லிக் கூச்சப்படாமல் கேளுங்கள். தலை பின்னுக்கு இழுபடாமல் பின்னால் நின்று பிடிக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். லேசர் முடிந்த உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கண்ணின் அழுத்தம் சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் ஏறும். ஒரு மணித்தியாலம் அளவில் இருத்தி அளந்து பார்ப்பார்கள், குளுக்கோமா (கண்ணின் நரம்பைக் கெடுக்கும், பெரும்பாலும் அழுத்தம் கூடுவதால் வரும் வருத்தம்) உள்ளவர்களுக்கு அது கட்டாயம். சில நாட்களுக்குக் கண்ணுக்குள் தூசி மிதப்பது போல இருக்கும், கிழிந்த சவ்வின் துண்டுகள்தான். ஆனால் மின்னல் வெட்டுவது போல வெளிச்சம் தெரிந்தாலும், மிதக்கும் புள்ளிகள் திடீரென்று பெருகினாலும், ஒரு பக்கம் திரை விழுவது போல மறைந்தாலும், அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்கக் கூடாது. அரிதாக விழித்திரை கழன்றுவிடும். அன்றைக்கே போகவேண்டும்.

இன்னொரு விஷயம். மங்கலுக்குக் காரணம் உண்மையாகவே உறைதானா, அல்லது பின்னால் விழித்திரையில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் ஜன்னல் வெட்டவேண்டும். வெட்டிய ஜன்னலை மூட முடியாது, பிறகு வில்லையை மாற்றவேண்டி வந்தால் வேலை கஷ்டமாகும். எங்கள் டொக்டர் விழித்திரையை முதலில் பார்த்தார். பார்க்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

என்னுடைய பச்சை லேசர்

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் பிழை என்னுடையது.

கண் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த காலத்திலேயே கிளினிக்கில் சொன்னார்கள், விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, லேசர் வேண்டும் என்று. கண்ணாடி போட்டால் கடைசி வரி வரை வாசிக்கிறேன், பிறகு எதற்குச் சுடுவது என்று ஒன்றரை வருடம் இழுத்தேன். ஒருநாள் காலை தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது இடது கண்ணுக்குள் கறுப்பு மை ஒரு சொட்டு விழுந்தது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே நூல் நூலாகப் பரவியது. வலி ஒன்றும் இல்லை. அந்தக் குழாய்களில் ஒன்று கசிந்திருந்தது.

நவகிரிக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களுக்கு இந்த வைத்தியம் உடனே விளங்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாவிட்டால் கூட்டம் வைத்து, இவ்வளவு ஏக்கர்தான் இம்முறை விதைப்பது, மிச்சத்தை விடுவோம் என்று முடிவெடுப்பார்கள். எல்லாவற்றையும் விதைத்தால் எல்லாம் கருகும். சீனி வருத்தத்தில் விழித்திரையின் மெல்லிய குழாய்கள் அடைபட்டு ஒட்சிசன் குறையும். குறைந்த பகுதி "இன்னும் குழாய் போடு" என்று இரசாயனக் குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு முளைப்பவை தரம் கெட்ட குழாய்கள். கசியும், பிறகு இழுபட்டு விழித்திரையையே கழற்றும். பச்சை லேசரால் விழித்திரையின் ஓரப்பகுதிகளில் புள்ளி புள்ளியாகச் சுட்டு, அந்தப் பங்கை விதைக்காமல் விட்டுவிடுவார்கள். தேவை குறையும், குரல் அடங்கும், புதிய குழாய்கள் சுருங்கும். நடுப்பகுதி, நாம் வாசிக்கவும் முகம் பார்க்கவும் பாவிக்கிற பகுதி, தப்பும். 1976 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த வைத்தியம் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. ஊசி மருந்துகள் வந்த பிறகும் இதைக் கைவிடவில்லை.

ஒரு கண்ணுக்கு 1200 முதல் 1600 புள்ளி என்பது பழைய கணக்கு. புதிய மெஷின்களில் ஒரு அமத்தலில் பல புள்ளிகள் ஒழுங்காக விழும், ஒவ்வொன்றும் 20 மில்லிசெக்கன் அளவு. புள்ளிகள் சிறியவை என்பதால் எண்ணிக்கை கூடலாம். எனவேதான் என்னை நாலு தரம் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு என்ன செய்வது? வேறு விதமாகச் சொல்லாவிட்டால் வழக்கம் போலச் சாப்பிட்டு, சீனி, பிரஷர் குளிசைகளைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போய் வரிசையில் மயங்கி விழுந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு மை பூச வேண்டாம். வலிக்குப் போட பரசிற்றமோல் பற்றி முதலே கேட்டு வையுங்கள். எல்லாப் புள்ளியும் நோகாது. மூன்று மணி, ஒன்பது மணி முள் நிற்கும் திசைகளில் நரம்பு ஓடுகிறது, அங்கே விழும்போது பல்லுக்கூச்சம் போல மண்டைக்குள் இழுக்கும். கண்ணில் பசை தடவிய ஒரு கண்ணாடியை வைப்பதால் இமைக்க முடியாது, பயப்பட வேண்டாம். மிக முக்கியம்: பார்க்கச் சொன்ன திசையையே பாருங்கள். பச்சை வெளிச்சம் கண்ணை இழுக்கும், அதைத் தேடிப் பார்க்கவேண்டும் போல இருக்கும். தேடிப் பார்த்தால் நடுப்பகுதியே குறுக்கே வந்து நிற்கும். இருமல் வந்தால் வாயால் சொல்லுங்கள், தலையை இழுக்காதீர்கள்.

முடிந்த பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் ஊதாவாகவும் இருட்டாகவும் தெரியும். மோட்டார் சைக்கிளில் தனியே வந்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விலையும் உண்டு. விழித்திரையின் ஓரத்தைக் கொடுத்துத்தான் நடுவைக் காப்பாற்றுகிறோம், அதனால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் குறையும். இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய், வெளிச்சப் பந்தலை விட்டு இறங்கியதும் படி ஒன்றைக் காணாமல் முழங்காலை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன். இப்போது பையில் டோர்ச் இல்லாமல் பொழுதுபட வெளியே போவதில்லை. நடுப்பகுதி வீங்கிக் கொஞ்ச நாள் எழுத்து மங்கவும் கூடும். அந்த வீக்கத்துக்கு இப்போது பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசிதான் போடுகிறார்கள். "கண்ணுக்குள் ஊசி" என்ற சொல்தான் பயங்கரம். மரக்கப் பண்ணித்தான் போடுவார்கள், எனக்கு லேசரை விட அது சுகமாக இருந்தது.

லேசர் வைத்த பிறகு என் பார்வை கூடவில்லை. கூடாது என்று தெரிந்துதான் போனேன். நாலாவது கேள்வியைக் கேட்டதால் வந்த நிம்மதி அது.

இதே பச்சை லேசரால் விழித்திரையில் விழுந்த சிறு கிழிசலைச் சுற்றியும் வேலி போல சுடுவார்கள். தழும்பு இறுகி ஒட்ட ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். அதுவரை பாரம் தூக்காதே என்றால் அரிசி மூட்டையைத் தொடாதீர்கள்.

சூரியனைப் பார்த்து வந்த யோசனை

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஜேர்மனியில் மேயர்-ஷ்விக்கெராத் என்ற டொக்டர், 1945 இல் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை எரிந்து வந்தவர்களின் கண்ணில் இருந்த தழும்பைக் கவனித்தார். வெளிச்சத்தால் தழும்பு வருமென்றால், கழன்ற விழித்திரையை ஒட்ட அதையே பாவிக்கலாமே என்று யோசித்து, முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் குவித்துப் பாவித்தார். 1960 இல் லேசர் வந்ததும், சில வருடங்களுக்குள்ளேயே டொக்டர்மார் அதைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

2019 மார்கழி 26, சுனாமி நினைவு நாளன்றே கிரகணம் வந்தது. எங்கள் பக்கத்தில் பகுதியளவுதான். பழைய எக்ஸ்ரே படத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு பார்த்த பிள்ளைகளைத் துரத்தித் துரத்திப் பறித்தேன். அன்றைக்கு என்னைத் திட்டினவர்கள் உண்டு. கோயில் திருவிழாக் கடைகளில் விற்கிற பச்சை லேசர் லைட்டும் பெரும்பாலும் அதே 532 நனோமீற்றர்தான். என் விழித்திரையில் டொக்டர் அளந்து சுட்ட அதே நிறத்தைப் பிள்ளை தன் தம்பியின் கண்ணில் அடித்து விளையாடுகிறது. வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாமியின் தலையிடி

தேத்தாத்தீவில் இருக்கும் மாமிக்கு ஒரு இரவு கடும் தலையிடி, சத்தி. காஸ் என்று நினைத்து இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்திருக்கிறார்கள். ஒரு கண் சிவந்து, லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று விடிந்த பிறகுதான் சொன்னார். கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறிவிட்டது. இதுவும் ஒரு வகைக் குளுக்கோமாதான். கண்ணுக்குள் ஓடும் நீர் வெளியேறும் மூலை குறுகலாக உள்ளவர்களுக்கு, கதிராளி (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையம்) முன்னுக்குத் தள்ளி அந்த வாய்க்காலை அடைத்துவிடும். ஆசியர்களிலும், வயதான பெண்களிலும், தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்களிலும் இது அதிகம். சிவந்த கண், தலையிடி, சத்தி, வளையம் நான்கும் ஒன்றாக வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகு, கதிராளியின் மேல் ஓரத்தில், இமை மறைக்கும் இடத்தில், யாக் லேசரால் ஊசித்துளை ஒன்று போட்டார்கள். நீர் அதற்குள்ளால் முன்னுக்கு வரும், கதிராளி பின்னுக்குப் போகும். நம்முடைய கதிராளி தடித்த மண்ணிறம் என்பதால் சில வேளை முதலில் பச்சை லேசரால் மெலிதாக்கிவிட்டு, பிறகு யாக்கால் துளைப்பார்கள். இதற்குக் கண்மணியைச் சுருக்கும் மருந்துதான் விடுவார்கள். அதனால் புருவம் வலிக்கும், ஆனால் சில மணித்தியாலத்தில் போய்விடும். மற்றக் கண்ணுக்கும் துளை போடவேண்டும் என்றதும் மாமி, "நல்ல கண்ணுக்கு ஏன் கை வைக்கணும்?" என்று சண்டை பிடித்தார். ஒரு கண்ணுக்கு வந்தது மற்றதுக்கும் வரக்கூடும், அதற்குத்தான். துளை போட்டாயிற்று என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டொக்டர் சொன்னால் மட்டும்.

மூலை திறந்திருக்கும் மற்ற வகைக் குளுக்கோமாவுக்கு வேறு லேசர், வடிகால் சல்லடையில் மெல்லிய பச்சைத் துடிப்பு. எஸ்எல்ரீ என்பார்கள். 2019 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், முதலிலேயே இதைச் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. நாளடைவில் பலன் தேயும், திரும்பச் செய்யலாம்.

கண்ணாடியைக் கழற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு

தங்கச்சியின் மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "பெரியம்மா, கண்ணாடியைத் தூக்கி எறியப் போறன்." வயது 23, பவர் மைனஸ் 6.

இந்த எக்ஸைமர் லேசரின் பின்னால் சென்னையில் பிறந்த ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை செய்த இரசாயன விஞ்ஞானி. 1981 இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் துண்டைக் கொண்டுவந்து அந்த 193 நனோமீற்றர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். கருகாமல், ஓரம் சிதையாமல் வெட்டு விழுந்தது. ஸ்டீவன் ட்ரோக்கெல் என்ற கண் டொக்டர் அதைக் கோர்னியாவுக்குக் கொண்டுவந்தார்.

லேசிக் என்றால் கோர்னியாவில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் எக்ஸைமரால் சீவி, மூடியைத் திரும்ப வைப்பது. மூடியை இப்போது ஃபெம்டோசெக்கன் லேசரால்தான் அதிகம் வெட்டுகிறார்கள். அந்தக் குறுந்துடிப்புக்களைப் பலமாக்க வழி கண்டுபிடித்த டொனா ஸ்ட்ரிக்லண்டுக்கும் ஜெரார்ட் மூரூவுக்கும் 2018 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்மைல் என்ற முறையில் எக்ஸைமரே இல்லை, ஃபெம்டோவால் உள்ளே ஒரு வில்லைத்துண்டை வெட்டிச் சிறு துவாரத்தால் இழுத்து எடுப்பார்கள்.

மகளிடம் கணக்கு ஒன்று செய்யச் சொன்னேன். நீங்களும் செய்யலாம். சீவும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால், சீவவேண்டிய ஆழம் மைக்ரோனில் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிட்டத்தட்ட வரும். 6.5 மில்லிமீற்றர் வட்டம், பவர் 6 என்றால் 84 மைக்ரோன் அளவு. அவளுடைய கோர்னியாவின் தடிப்பு 486. சராசரி 540 அளவு, ஆக இவளுக்கு மெலிது. மூடிக்கு 110, சீவலுக்கு 84 போனால் மிச்சம் 292. கீழே குறைந்தது 250, பலர் 300 மைக்ரோனாவது விடவேண்டும் என்பார்கள். அங்கே இருந்த டொக்டரும் இதே காரணத்தைச் சொல்லி, மூடி வெட்டாமல் மேல் தோலை மட்டும் அகற்றிச் சீவும் பீஆர்கே முறையைச் சொன்னார். மேல் தோல் 50 மைக்ரோன் அளவுதான், அது திரும்ப வளரும். மூன்று நாலு நாள் வெங்காயம் உரித்தது போல எரியும், பார்வை தெளியக் கிழமைக் கணக்கு எடுக்கும். அவள் அதைத்தான் செய்தாள். இரண்டாம் நாள் போனில் அழுதாள், ஆறாம் கிழமை சிரித்தாள்.

பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கவேண்டும், 18 வயதுக்கு முன் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பிறகு பார்க்கலாம். கொன்ரக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே சொன்ன காலம் கழற்றி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். கோர்னியாவின் வரைபடம் எடுக்காமல் திகதி தருகிற இடத்துக்குப் போகவே வேண்டாம். கோர்னியா கூம்பாகத் தள்ளும் வருத்தம் மறைந்திருந்தால் லேசிக் அதை மோசமாக்கும். செய்த பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது, சொன்ன காலம் வரை கடலிலோ வாவியிலோ முழுகக் கூடாது. கண் காய்வதும் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் சில மாதம் இருக்கும். நாற்பதுக்குப் பிறகு வாசிக்கிற கண்ணாடி எல்லோருக்கும் போல வரும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஒரு வரி. அவர்களின் விழித்திரைக் குழாய்கள் வளர்ந்து முடியாதவை, பிறந்து நாலு கிழமை அளவில் கண் பார்க்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் 810 நனோமீற்றர் டயோட் லேசரால் சுடுவார்கள். அந்தத் திகதியை எந்தச் சடங்குக்காகவும் தள்ளிப் போடாதீர்கள்.

புறப்படுமுன்

போன் எடுத்துக் கேளுங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய், "மெஷின் பழுது, அடுத்த மாதம் வாங்க" என்ற பதிலோடு திரும்பி வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. வேறு ஆஸ்பத்திரிக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ கடிதம் தந்தால், கிளினிக் கொப்பியும் பழைய படங்களும் கையில் இருக்கவேண்டும், பெட்டியில் அல்ல. கறுப்புக் கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல், சீனி வருத்தக்காரருக்கு இரண்டு பிஸ்கட்.

கொப்பியின் பின் மட்டையில் நாமே ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். டொக்டர் மாறுவார், கையெழுத்து விளங்காது, ஐந்து வருடத்துக்குப் பிறகு "முன்னம் என்ன லேசர்?" என்று கேட்பார்கள். அம்மாவின் கொப்பியில் இப்படி இருக்கிறது: "வலது கண். வில்லையின் பின் உறை. யாக். பார்வை கூட." என்னுடையதில்: "இடது கண், 4 தரம். விழித்திரை ஓரம். பச்சை. இருக்கிறதைக் காக்க." பஸ்ஸில் கண்ட பொடியன் போன கிழமை போன் எடுத்து, உம்மாவின் கொப்பியில் என்ன எழுதுவது என்று கேட்டான். "ஃபேகோ, லேசர் இல்லை" என்று எழுதச் சொன்னேன். உம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம்.